ஐந்தடி விண்கலத்துக்கு எந்தத் தோல்? அக்ரிலிக், ஃபைபர், 3டி பிரிண்ட்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு கணக்கு

சினிமாவில் பறந்த விண்கலத்தைப் பெரிய அளவில் கட்ட முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, அதன் தோலை, அதாவது வெளிமூடலை, எந்தப் பொருளில் கட்டுவது என்றுதான். வெளிநாட்டு வீடியோக்களில் பதில் நிறையவே கிடைக்கிறது. ஆனால் அவை வருடம் முழுக்க ஒரே தட்பவெப்பத்தில் இருக்கும் அறையை நினைத்துச் சொன்னவை. சித்திரை மதியத்தில் சேலத்து மொட்டைமாடி அறையிலோ, ஐப்பசியில் ஜன்னல் வழியே பனி நுழையும் ஏற்காட்டு வீட்டிலோ நிற்கப்போகும் கலத்துக்குக் கணக்கு வேறு. சூட்டில் எவ்வளவு நீளும், ஈரத்தில் எவ்வளவு ஊதும் என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகும் செலவும் அதற்குப் பிறகுதான்.

ஒப்பிடுவதற்கு ஒரே கலத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 150 செ.மீ., அகலம் 60 செ.மீ., உயரம் 25 செ.மீ., மூக்குப் பக்கம் குறுகும் உடல். வெளிப்பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். உங்கள் கலம் வேறு வடிவம் என்றால் பரப்பைக் கணக்கிட்டு அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளலாம். விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எடையும் அளவும்தான் தருகிறோம். கடையில் அன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கினால் செலவு தெரிந்துவிடும்.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

படப்பிடிப்பில் கேமரா முன் நின்ற மாடல் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் கட்டுவதை ஸ்டுடியோ ஸ்கேல் என்கிறார்கள். இந்த ஆசைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒரே கலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாடல்கள் இருந்திருக்கும். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்குக் கட்டிய மில்லேனியம் ஃபால்கன், ஐந்தடி மாடல் என்றே பெயர் பெற்றது. அதைக் கையாள்வது சிரமமாக இருந்ததால் 1980இல் வந்த அடுத்த படத்துக்கு 32 அங்குல மாடல் ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். இரண்டும் திரையில் ஒரே கலம்தான். 32 அங்குலம் என்பது 81 செ.மீ.; மேசை மேல் நிற்கும், ஒருவரே தூக்கிவிடலாம். ஐந்தடி ஃபால்கனின் வட்ட உடல் மட்டும் நான்கடி அகலம் வரும். மூன்றடிக் கதவுக்குள் அதைச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிச் சாய்க்க உள்சட்டம் தாங்க வேண்டும். வாசல், மாடிப்படித் திருப்பம், வண்டியின் பின்தொட்டி மூன்றையும் டேப் வைத்து அளக்காமல் அளவை முடிவு செய்யாதீர்கள். சின்ன யானை வண்டியின் தொட்டி ஏழடி நீளத்தை ஒட்டி இருக்கும். ஐந்தடிக் கலம் பெட்டியோடு அதில் தாராளமாகப் படுக்கும்.

இன்னொரு தேர்வும் உண்டு, பலர் அதை யோசிப்பதே இல்லை. 1964இல் ஸ்டார் ட்ரெக் தொடருக்காகக் கட்டிய 11 அடி என்டர்பிரைஸ் மாடல் மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு ஆகியவற்றால் ஆனது. இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வலப்பக்கத்துக்குத்தான் முழு அலங்காரம். இடப்பக்கத்தில் விளக்கு ஒயர்கள் உள்ளே போயின, அந்தப் பக்கம் கேமராவுக்குக் காட்டப்படவில்லை. சுவரோரம் நிற்கப்போகும் கலத்துக்கு இதே வழி நல்ல வழி. பின்பக்கத்தைத் தட்டையான கதவாக விட்டுவிட்டால் வேலை பாதியாகக் குறையும், விளக்கு பழுதானால் கை உள்ளே போகும், காற்றும் போகும். முழுக்கலம்தான் கௌரவம் என்று நினைத்து, யாரும் பார்க்காத பக்கத்தில் மாதக்கணக்கில் உழைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் ஆட்கள் சுற்றிப் பார்ப்பார்கள் என்றால் மட்டும் முழுதாகக் கட்டுங்கள்.

நீளும் கணக்கு

சேலத்தில் ஏப்ரல், மே மதியம் 40 டிகிரியை ஒட்டும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். கலம் அனுபவிக்கப்போகும் வித்தியாசம் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 150 செ.மீ. நீளமுள்ள அக்ரிலிக் தகடு இந்த 25 டிகிரியில் ஏறக்குறைய 2.6 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியம் 0.9 மி.மீ.க்கும் குறைவாக, இரும்பு அரை மி.மீ.க்கும் குறைவாக நீளும். ஃபைபர், அதாவது ரெசினில் இறுகிய கண்ணாடியிழை, அலுமினியத்தை ஒட்டியே நடக்கும், 1.1 மி.மீ. அளவு. சன்போர்டும் (பிவிசி நுரைப் பலகை) பாலிஸ்டைரீன் தகடும் அக்ரிலிக்கின் கூட்டம்.

இரும்புச் சட்டத்தின் மேல் ஐந்தடி அக்ரிலிக்கை அரால்டைட் போட்டு இறுக்கி ஒட்டினால் இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் போக வழியில்லாமல் நிற்கும். மாசியில் ஒட்டிய தகடு சித்திரையில் நடுவில் மேடு தட்டும், அல்லது ஒட்டு விடும். வெயில் குறையும்போது திருகுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். பட்டி பூசி மூடிய இணைப்புகளில் முடி மாதிரி ஒரு கோடு விழுந்து, மறுபடி மறுபடி பூசினாலும் அதே இடத்தில் வரும். பெயின்ட் மேல் பழி போடுவார்கள். காரணம் அடியில் இருக்கிறது.

இதற்கு விடை விண்கலத்தின் உடலிலேயே இருக்கிறது. திரையில் கலத்துக்குப் பிரம்மாண்டம் தருவது தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஓடும் கோடுகள். அந்தக் கோடுகளையே விரிவு இடைவெளியாக வைத்துவிடலாம். எந்தத் தகடும் 40 செ.மீ.க்கு மேல் போகாமல் பிரித்தால், 25 டிகிரிக்கு அக்ரிலிக் 0.7 மி.மீ. நீளும், அடியில் அலுமினியம் 0.2 மி.மீ. நீளும். அரை மி.மீ. இடைவெளி விட்டால் போதும். ஐந்தடிக் கலத்தில் அரை மி.மீ. கோடு கண்ணுக்குச் சரியான தகட்டுக் கோடாகவே தெரியும். எனவே வரைபடத்தில் கோடுகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போதே இணைப்புகளையும் முடிவெடுத்துவிடுங்கள். கோடு இல்லாத இடத்தில் இணைப்பு வேண்டாம்.

அக்ரிலிக் தோல், அலுமினியச் சட்டம்

தட்டையான முகங்களும் ஒரு பக்கம் மட்டும் வளையும் முகங்களும் கொண்ட கலத்துக்கு இதுதான் எங்கள் முதல் தேர்வு. 2 மி.மீ. அக்ரிலிக் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று போதும். அதில் 3 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது, வெட்டுக் கழிவு போக 2 சதுர மீட்டர் தேறும். தோலின் எடை 5 கிலோவுக்குள். அதன் மேல் ஒட்டும் சிறு தகடுகளுக்கு 0.5 மி.மீ., 1 மி.மீ. ஹிப்ஸ் (பாலிஸ்டைரீன்) ஷீட் வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ சொல்லிப் பார்சலில் எடுக்கலாம். வெட்டுவதற்குச் சேலத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடைகளின் லேசர் மிஷின்களே போதும். வரைபடத்தை அளவு மாறாத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள்; லேசர் கதிர் 0.2 மி.மீ. வரை தின்னும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேசரில் வெட்டிய அக்ரிலிக்கில் தொல்லை ஒன்று உண்டு. சூட்டில் உருகி ஆறிய ஓரத்தில் இழுவிசை தங்கிவிடும். அந்த ஓரத்தில் தின்னரோ குளோரோஃபார்மோ பட்டால் நொடியில் சிலந்திவலை மாதிரி நுண்விரிசல் ஓடும். இரண்டு வழி உண்டு. ஓரத்தைப் பிளேடால் அரை மி.மீ. சுரண்டி எடுத்துவிடலாம், அல்லது 80 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடலாம். அக்ரிலிக்கில் வார்த்தது, எக்ஸ்ட்ரூடட் என்று இரண்டு ரகம். வார்த்த ரகத்தில் விரிசல் குறைவு. லேசரால் லேசாகக் கீறிப் பாருங்கள்: வெள்ளையாகப் பூத்தால் வார்த்தது, கண்ணாடிபோலவே இருந்தால் மற்றது.

அக்ரிலிக்கோடு அக்ரிலிக், அக்ரிலிக்கோடு ஹிப்ஸ் ஒட்டக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் போதும். ஊசி முனையில் ஒரு துளி தொட்டால் இணைப்புக்குள் தானே ஓடிவிடும். 0.5 மி.மீ. ஹிப்ஸுக்கு அந்த ஒரு துளியே அதிகம். மறுபக்கம் குழி விழும். அந்த ஆவி ஈரலைக் கெடுக்கும். மூடிய அறையில், ஏசி போட்டுக்கொண்டு ஒருபோதும் செய்யாதீர்கள். தாழ்வாரத்தில், காற்று உங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்படி உட்காருங்கள்.

தகட்டைச் சட்டத்தோடு சேர்க்கும்போது ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் ஒரு திருகு மட்டும் இறுக்கமாக. மற்ற 3 மி.மீ. திருகுகளுக்கு 5 மி.மீ. துளை போட்டு, அகல வாஷர் வைத்து, தகடு நகரும் அளவுக்கே முடுக்க வேண்டும். திருகுத் தலை தெரியக்கூடாத இடத்தில் நியூட்ரல் சிலிக்கானை 2 மி.மீ. கனத்துக்கு வைத்து ஒட்டலாம். அந்தக் கனம்தான் அசைவுக்கு இடம் கொடுக்கும். பிழிந்து மெலிதாக்கிவிட்டால் அதுவும் இறுகிய ஒட்டாகிவிடும்.

இந்த வழிக்கு வராதது கோளமும் கூட்டு வளைவும். எஞ்சின் குழல்களுக்கு 110, 90, 75 மி.மீ. பிவிசி குழாய்கள் வெளிவிட்டம் சரியாகவே கிடைக்கும். குவிமாடங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக்கடையில் எவர்சில்வர் கிண்ணம் தேடலாம். வேண்டிய விட்டத்துக்குக் கிண்ணத்தை வாங்கி, அதன் மேல் சூடாக்கிய ஹிப்ஸை இழுத்தால் சுத்தமான அரைக்கோளம். மற்ற கூட்டு வளைவுகளுக்குத்தான் பிரிண்டர்.

ஃபைபர்

ஃபைபருக்கு மூல வடிவம் ஒன்று வேண்டும். மூலத்தின் மேல் அச்சு, அச்சுக்குள் கலம். அதாவது ஒரு கலம் கிடைக்க மூன்று பொருள் செய்கிறீர்கள், மூலத்தையும் வேறு ஏதாவது ஒரு முறையில்தான் கட்ட வேண்டும். ஒரே ஒரு கலத்துக்கு இது வீண். நண்பர்கள் சேர்ந்து மூன்றுக்கு மேல் எடுக்கிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழாகத் திரும்பும்: இரண்டாவது கலம் ஒரு வாரயிறுதியில் அச்சிலிருந்து வந்துவிடும்.

அளவு சொல்லிவிடுகிறோம். அச்சுக்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை விரிப்பு (மேட்) நான்கு அடுக்கு, கலத்துக்கு இரண்டு அடுக்கு. ஒரு சதுர மீட்டரில் ஓர் அடுக்குக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பாலியஸ்டர் ரெசின் குடிக்கும். எனவே 2 சதுர மீட்டர் கலத்துக்கு அச்சும் முதல் கலமும் சேர்ந்து 13 கிலோ ரெசின், மேற்பூச்சான ஜெல்கோட் தனியாக 2 முதல் 3 கிலோ. இரண்டு அடுக்குத் தோல் 2 மி.மீ. கனம் வரும், ஜெல்கோட்டோடு 7 கிலோவைச் சற்றுத் தாண்டும்.

கவனிக்க வேண்டியது வேதியியல். கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்இகேபி ஹார்ட்னரும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர். அளக்கும் குவளைகளும் வேறு வேறாக இருக்கட்டும். எம்இகேபி கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஹார்ட்னர் அளவு, சேலத்துக் கோடையில் எடையில் 1 சதவீதம் போதும். 2 சதவீதம் போட்டால் மேட் மேல் பரப்புமுன் குவளையிலேயே கட்டிவிடும், புகையும் வரும். ஒரு தடவைக்கு அரைக்கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். ஏற்காட்டில் 1.5 முதல் 2 சதவீதம் தேவைப்படும். 18 டிகிரிக்குக் கீழே போனால் வேலையே வைக்க வேண்டாம், மேல் மட்டும் பிசுபிசுத்து நிற்கும். பனிக்காலத்தில் மேட் சுருளைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்காவிட்டால் அது ஈரம் குடித்து, ரெசின் ஏறாமல் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

ஜெல்கோட்டை மெலிதாகப் பூசிவிட்டு அவசரமாக அடுத்த அடுக்குப் போட்டால், அடுத்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கிளப்பி முதலைத்தோல் ஆக்கிவிடும். அரை மி.மீ. கனம் பூசி, விரலில் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் வரும் பதத்தில்தான் மேட். ஒரு நாள் முழுக்க அச்சில் வைத்துவிட்டு எடுங்கள். பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கும். சீக்கிரம் எடுத்த நீளமான தோல் வில்லாக வளைந்துவிடும். உள்விளிம்புகளில் அலுமினிய எல் ஆங்கிளை அச்சுக்குள் இருக்கும்போதே வைத்து மேட் போட்டு மூடிவிடுவது நல்ல பழக்கம்.

அச்சு இல்லாமல் ஃபைபர் போடும் குறுக்கு வழியும் இருக்கிறது. தெர்மோகோலைச் செதுக்கி, அதன் மேல் 200 கிராம் கண்ணாடித் துணியை எபாக்சியில் போடுவது. எபாக்சி விலை கூடுதல் என்று பாலியஸ்டரை ஊற்றினால் தெர்மோகோல் கண்ணெதிரே கரைந்து குழியாகும். கோளமும் வளைவும் மிகுந்த, தகட்டுக் கோடுகள் குறைவான ஒற்றைக் கலத்துக்கு இந்த வழி பொருந்தும். பட்டி பூசித் தேய்ப்பது மட்டும் பொறுமையைச் சோதிக்கும்.

3டி பிரிண்ட்

பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு முழுக்கலத்தையும் அடித்துவிடலாம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். 2 சதுர மீட்டரை 20 செ.மீ. துண்டுகளாகப் பிரித்தால் 50 துண்டு. அவற்றை ஒட்டும் தையல் மட்டும் 20 மீட்டர். சுவர் கனமும் உள்விலா எலும்புகளும் சேர்த்து 6 முதல் 7 கிலோ ஃபிலமென்ட் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை). மணிக்கு 35 கிராம் ஓட்டினால் 200 மணி நேரம். நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வரும். பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலும் நின்ற அடுக்கில் ஒரு கோடு தெரியும், அந்த இடம் பலவீனம். யுபிஎஸ் இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் ஓடும் துண்டைப் போடாதீர்கள்.

அளவுப் பிழை இதைவிடப் பெரிய தொல்லை. 0.3 சதவீதம் தவறுவது ஒரு துண்டில் தெரியாது. எட்டுத் துண்டு சேர்ந்தால் ஐந்து மி.மீ. ஆகிவிடும், எதிர்ப்பக்கத்துத் துண்டு பொருந்தாது. வேலை தொடங்கும்முன் 15 செ.மீ. பட்டை ஒன்றை இரு திசையிலும் அடித்து வெர்னியரில் அளந்து பிரிண்டரைத் திருத்துங்கள். நடுவில் ஃபிலமென்ட் கம்பெனி மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

ஃபிலமென்டில் பிஎல்ஏ, பிஇடிஜி, ஏபிஎஸ் என்று ரகங்கள் உண்டு. பிஎல்ஏ 60 டிகிரியில் இளகும். ஜன்னல் வெயில் நேராக விழும் அடர்நிற மேற்பரப்பு சேலத்தில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கலத்தை வைத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் அதே கதை. இளகாவிட்டாலும், எடை தாங்கும் பிஎல்ஏ நாளாவட்டத்தில் மெல்லத் தொய்யும். எடை தாங்கும் பாகத்துக்கு அதை நம்ப வேண்டாம். பிஇடிஜி 80 டிகிரி வரையிலும், ஏபிஎஸ் 100 டிகிரி வரையிலும் தாங்கும். ஆனால் ஏபிஎஸ் அடிக்கும்போது மின்விசிறிக் காற்று பட்டால் மூலை தூக்கும். பிரிண்டரைப் பெட்டி வைத்து மூட வேண்டும்.

ஆகவே உடலுக்குப் பிரிண்டர் வேண்டாம். எஞ்சின் வாய், பீரங்கிக் கூடு, ஜன்னல் சட்டம், ஒரே மாதிரி இருபது தடவை வரும் பெட்டி என்று அக்ரிலிக்கில் வராத வளைவுகளுக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

சன்போர்டும் மரமும்

சன்போர்டு மலிவு, இலகு. கத்தியால் வெட்டலாம், ஆனால் விரல்நகம் பட்டாலும் பள்ளம். முழு அளவு மாதிரி ஒன்றை முதலில் கட்டி, நிற்கப்போகும் இடத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. அதை லேசரில் மட்டும் வெட்டக் கொடுக்காதீர்கள்: அது பிவிசி, எரிந்தால் வரும் வாயு நுரையீரலையும் மிஷினையும் தின்னும். மிஷினில் என்றால் சுழலும் கத்தியுள்ள ரவுட்டரில்தான் வெட்ட வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஏற்காட்டுக்கு ஆகவே ஆகாது. வெட்டிய ஓரம் ஈரம் குடித்து ஊதும், பெயின்ட் கிளம்பும். மரம்தான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை 12 மி.மீ.யில் எடுத்து விலா எலும்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எது யாருக்கு

சேலத்திலேயே நிற்கும், மூலைகள் மிகுந்த ஒற்றைக் கலத்துக்கு அலுமினியச் சட்டத்தில் அக்ரிலிக். ஏற்காட்டில் நிரந்தரமாக நிற்கப்போவதற்கு அல்லது மலைக்கும் சமவெளிக்கும் கண்காட்சி கண்காட்சியாகப் போய்வரப்போவதற்கு ஃபைபர். அதன் நீட்சி அலுமினியத்தோடு ஒத்துப்போவதால் ஏறி இறங்கும் கலத்தில் அதுவே நிலைக்கும். மூன்றுக்கு மேல் கலம் என்றாலும் ஃபைபர்தான். 32 அங்குலத்துக்குள் அடங்கும் கலம் என்றால் முழுவதும் பிஇடிஜி பிரிண்ட் எடுப்பதில் தவறில்லை. துண்டுகள் குறைவு, பிழை சேர இடமில்லை.

எலும்புக்கூடு

எந்தத் தோல் என்றாலும் இது பொது. 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், சுவர் 1.5 மி.மீ., 9 மீட்டர் போதும், எடை 3.5 கிலோவுக்குள். அதே அளவு இரும்பில் 10 கிலோவை ஒட்டும். மெல்லிய அலுமினியத்தை வெல்டிங் செய்யும் பட்டறை தேடி அலைய வேண்டாம். அலுமினிய ஜன்னல் போடுபவர்களிடம் கொடுத்தால் 2 மி.மீ. மூலைத்தகடு வைத்து 4 மி.மீ. பாப் ரிவெட்டில் அழகாகச் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு மூலைத்தகட்டுக்கும் ஒரு கைக்கு இரண்டு ரிவெட் குறையாமல் கேட்டு வாங்குங்கள். ஒரு ரிவெட் என்றால் அது கீல் மாதிரி சுழலும். விளக்கு, சிறு பாகங்கள் எல்லாம் சேர்ந்து அக்ரிலிக் கலம் 15 கிலோவில் முடியும்.

படப்பிடிப்பு மாடல்களில் தாங்குதண்டு பொருத்தும் இடம் ஒன்றுக்கு மேல் இருக்கும். கேமரா பார்க்காத பக்கத்தில் தண்டைச் செருகிவிடுவார்கள். நீங்களும் அடியில், பின்னால், ஒரு விலாவில் என்று மூன்று இடம் வையுங்கள். தோல் போடும்முன் சட்டத்தை ஓர் உருளைக் குழாய் மேல் வைத்து எடை சமமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே 10 செ.மீ. சதுர, 6 மி.மீ. இரும்புத் தகட்டை எம்8 போல்ட்டில் பூட்டுங்கள். எஞ்சின் பக்கம் கடைசியில் எடை கூடும், எனவே இரண்டு கிலோ மணலைப் பின்னால் கட்டிவிட்டு அளப்பது நல்லது. பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் கலத்தைப் பிறகு திருத்தவே முடியாது.

சிறு பாகங்கள்

பழைய ஸ்டுடியோக்கள் டேங்க், போர்க்கப்பல், ரேஸ் கார் பிளாஸ்டிக் கிட்டுகளை உடைத்து ஒட்டித்தான் அந்த எந்திரத் தோற்றத்தைக் கொண்டுவந்தன. அந்தக் கிட்டுகளை இறக்குமதி செய்து உடைக்க இங்கே யாருக்கும் மனம் வராது. காயலாங்கடையில் பழைய பிரிண்டர், கேசட் பிளேயர், கம்ப்யூட்டர் கீபோர்டு வாங்கிப் பிரித்தால் ஒரு கலத்துக்கு வேண்டியதற்கு மேல் கிடைக்கும். எதையும் ஒட்டுமுன் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன்: ஃபெவிக்விக் பிடிக்காது, பெயின்ட் உரியும், தூக்கி எறியுங்கள். ஊசிக் குழாயும் ஷாம்பூ மூடியும் பெரும்பாலும் இந்த ரகம். மூழ்கும் ஏபிஎஸ், ஸ்டைரீன் பாகங்களை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாகம் ஒன்றுதான் இருந்தால் சிலிக்கான் அச்செடுத்துப் பாலியூரிதேன் ரெசினில் நகல் எடுக்கலாம். ஏற்காட்டு ஈரத்தில் திறந்து வைத்த ரெசின் நுரைத்துவிடும், சேலத்தில் வார்த்து எடுத்துப் போங்கள்.

மெல்லிய கிராதி, ஏணி, ஆன்டெனாவுக்குப் பித்தளைத் தகடு. 0.2 மி.மீ.க்கு உருட்டிக் கேட்டால் சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் இருக்கும் உருளை மிஷின் அதற்குப் போதும். கண் அந்த நுணுக்கத்துக்குப் பழகிய கைகள் அங்கே இருப்பது இந்த ஊரில் கட்டுபவர்களுக்குப் பெரிய பலம்.

பாகங்களைக் கலம் முழுக்கச் சமமாகத் தூவாதீர்கள். பள்ளங்களில் அடர்த்தியாக, மேல்முகங்களில் வெறுமையாக விட்டால்தான் அளவு பெரிதாகத் தெரியும்.

விளக்கு, பெயின்ட்

12 வோல்ட் எல்இடி பட்டையை அலுமினியச் சட்டத்தின் மேலேயே ஒட்டுங்கள், சூட்டைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் தாங்குமேடையில் இருக்கட்டும். 230 வோல்ட் கலத்துக்குள் போகவே கூடாது. ஜன்னல்களுக்கு 0.75 மி.மீ. ஒளியிழை. தோலின் உட்புறம் முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை அடித்துவிட்டுத்தான் மூட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் கலம் முழுக்க ஒளிர்ந்து தெரியும். எல்லா விளக்குக்கும் கை எட்டும்படி காந்தம் வைத்த மூடி ஒன்று கட்டாயம்.

பெயின்டுக்கு டிங்கரிங் பட்டறைதான் துணை. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டின் தின்னர் ஹிப்ஸைக் கரைக்கும். முதல் இரண்டு கோட்டை ஓரடி தள்ளி நின்று தூசி மாதிரித் தூவி, காயவிட்டுப் பிறகு நிறைக்க வேண்டும். ஏற்காட்டில் மழைநாளில் என்சி அடித்தால் வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது இது. காலை பதினொன்று முதல் மூன்று மணிக்குள், பனி விலகிய நாளில் மெதுவாகக் காயும் தின்னர் கலந்து அடியுங்கள். இரண்டு பாக பியூ (பாலியூரிதேன்) பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க் தடுக்காது, கார்பன் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். தகட்டுக்குத் தகடு லேசாக மாறும் சாம்பல் நிறங்களுக்கு ஸ்டிக்கர் கடையில் பிளாட்டரில் வெட்டிய வினைல் மறைப்பே சிறந்தது.

மலை ஏற்றும்போது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கலம் பக்கவாட்டில் தள்ளப்படும். தோலைப் பிடித்துக் கட்டாமல், தாங்குதண்டுத் தகட்டைப் பெட்டியின் அடிப்பலகையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். தோலுக்கும் பெட்டிக்கும் நடுவில் எதுவும் தொடாமல் ஐந்து செ.மீ. இடைவெளி. எல்லா இணைப்பிலும் நைலான் வளையம் வைத்த நட். ஆன்டெனாக்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். மேலிருந்து கீழே இறக்கும்போது குளிர்ந்த கலத்தைச் சேலத்துக் காற்றில் உடனே திறந்தால் மேலே வியர்க்கும், விளக்கு இணைப்புகளிலும் ஈரம் நிற்கும். பெட்டியை ஓரிரவு மூடியே வைத்திருந்து, மறுநாள் திறந்து, நடுத்திருகுகளை மட்டும் ஒரு சுற்று சரிபார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.